அந்த அத்தியாயத்தை எடுக்கமாட்டேன்

மகனே,

போன ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசையில் உனக்கும் ஷைனிக்கும் முதல் ஓலை வாசித்தார்கள். சாமியார் உன் பெயரையும் அவள் பெயரையும் பெற்றவர்கள் பெயர்களையும் சொல்லி, இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாகத் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று வாசித்தபோது, முன் பெஞ்சிலிருந்து இரண்டு மூன்று தலைகள் திரும்பி என்னைப் பார்த்தன. தடை நான்தான் என்று ஊருக்குள் பேச்சு. முந்தின நாள், நீ வேலை பார்க்கிற ஊரிலிருந்து போனில் சொன்னதும் அதுதான். "யம்மா, அந்த ஒரு அத்தியாயத்த மட்டும் எடுத்துருங்க. கல்யாணம் முடியட்டும், அப்புறம் என்னத்தையும் எழுதிக்கிடுங்க." மாட்டேன் என்றேன். போனை வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை. அதனால் எல்லாரும் படிக்கும்படியாகவே எழுதுகிறேன். இதைப் பத்திரிகையில் போடுவார்களா என்ற சந்தேகம் எனக்கு இல்லை. நான் அனுப்பிய ஒரு கதையையும் போடாதவர்கள், தாய் மகனுக்கு எழுதிய கடிதம் என்றால் போடுவார்கள். அதில் கண்ணீர் இருக்கும் என்று நினைப்பார்கள். தேடிப் பார்க்கட்டும்.

படிக்கிறவர்களுக்கு விவரம் தெரிய வேண்டும். நான் தூத்துக்குடியில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் இறால் உரிக்கிறவள். பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தேன். மாவட்ட நூலகத்தில் இருக்கிற நாவல்களில் பாதிக்கு மேல் படித்திருக்கிறேன். காலை ஷிப்ட் முடிந்து வந்த மதியங்களில் உட்கார்ந்து ஒரு நாவல் எழுதினேன், உரிக்கிற ஷெட்டைப் பற்றி. அதில் ஓர் அத்தியாயம், எங்களைக் கம்பெனிக்குக் கூட்டிக்கொண்டு போய் விடுகிற காண்ட்ராக்டரைப் பற்றியது. அந்த அண்ணாச்சியின் மகளைத்தான் நீ கட்டப்போகிறாய். விஷயம் இவ்வளவுதான். யாருடைய பெயரையும் நாவலில் எழுதவில்லை, இங்கேயும் எழுதப்போவதில்லை. ஷைனியின் பெயரை மட்டும் அவளிடம் கேட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

அந்த அத்தியாயத்தில் இருப்பது உனக்குத் தெரியாததா? நீ பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த வருஷம், தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, குளிர்சாதன அறைக்குப் போகிற குழாயில் அம்மோனியா கசிந்தது. முதலில் கண் எரிந்தது, பிறகு மூச்சு நின்று நின்று வந்தது. ஷெட்டின் பெரிய கேட் பூட்டிக் கிடந்தது. வேலை நேரத்தில் யாரும் வெளியே போய்விடக்கூடாது என்று காண்ட்ராக்டர்தான் பூட்டிவைப்பார். பக்கவாட்டில் ஐஸ் இறக்குகிற சின்னக் கதவு வழியாக ஒருத்தர் முதுகை ஒருத்தர் தள்ளி வெளியே வந்தோம். ஆஸ்பத்திரியில் வரிசையாகப் படுக்க வைத்திருந்தார்கள். காண்ட்ராக்டர் அண்ணாச்சி கட்டில் கட்டிலாக வந்தார். "டாக்டர் கேட்டா உபவாசம்னு சொல்லுங்க. வெறும் வயிறு, மயக்கம். அவ்வளவுதான்." எங்களில் பாதிப் பேர் அன்றைக்கு உண்மையாகவே உபவாசம்தான். அதனால் பொய் சுலபமாகப் போய்ச் சேர்ந்தது. கடைசிக் கட்டிலில் ஒடிசாவிலிருந்து வந்து கம்பெனி ஹாஸ்டலில் தங்கியிருந்த பிள்ளை. அவளுக்கு நம்முடைய தவக்காலமும் தெரியாது, வெள்ளிக்கிழமையும் தெரியாது. தண்ணி, கிலோ, சீக்கிரம் என்று கொஞ்சம் தமிழ்தான் தெரியும். டாக்டர் அவளிடம் வந்து நின்றபோது, நெற்றியில் பொட்டு வைத்த அந்தப் பிள்ளை "உபவாசம்" என்றாள். டாக்டரும் எழுதிக்கொண்டார்.

நான் எழுதிக் கொடுத்த தாள்களையெல்லாம் கணினியில் ஏற்றியது நீதான். காலேஜ் விடுமுறை முழுக்க உட்கார்ந்து தட்டச்சு செய்தாய். என் கையெழுத்து புரியாத இடத்தில் "யம்மா, இது 'நரம்பு'வா 'நெருப்பு'வா?" என்று குசினிக்குள் வந்து கேட்பாய். இறால் முதுகிலிருந்து எடுக்கிறது நரம்பு என்று நான் சொல்ல, "எனக்குத் தெரியும், ஒங்க கையெழுத்துக்குத்தான் தெரியல" என்பாய். உபவாச அத்தியாயத்தை அடித்து முடித்த அன்றைக்கு எழுந்து வெளியே போனாய். திரும்பி வந்து, "யம்மா, இதுதான் நாவல். மத்ததெல்லாம் இதுக்கு நடந்துவார பாதை" என்றாய். இப்போது நீ எடுக்கச் சொல்கிறது அதைத்தான். ஒரு புத்தகத்தில் வேண்டாத பக்கம் என்று எதை எடுக்கச் சொல்கிறோம் என்பது தெரியாமல் சொல்கிறவனை மன்னிக்கலாம். நீ தெரிந்து சொல்கிறாய்.

பதிப்பகக்காரர்களிடம் நாம் பட்டதையும் நீ மறந்திருக்கமாட்டாய். புத்தகத் திருவிழாவுக்கு இரண்டு பேருமாகப் போனோம். தாள்களை ஜவுளிக்கடைப் பையில் வைத்து நீ சுமந்து வந்தாய். ஒரு பெரிய கடையில் மேசைக்குப் பின்னால் இருந்தவர் என்னைப் பார்த்ததும், "சமையல் புக்கு, கோலப் புக்கெல்லாம் அடுத்த வரிசைம்மா" என்றார். நாவல் கொண்டுவந்திருக்கிறேன் என்றேன். "யாரு எழுதுனது?" நான்தான் என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். குளோரின் தண்ணீரிலும் ஐஸிலும் கிடந்து விரலிடுக்கில் தோல் வெடித்திருக்கும் கை. "மெயில்ல அனுப்புங்க, பாப்போம்." நீ சும்மா வரவில்லை. "அண்ணே, ஒங்க எழுத்தாளருவகிட்டயும் மொதல்ல சமையல் புக்கு அந்தப் பக்கம்னுதான் சொல்லுவியளா?" என்று கேட்டாய். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த ஆள் உன்னிடம் மன்னிப்புக் கேட்டார், என்னிடம் கேட்கவில்லை. ஆனாலும் அன்றைக்கு எனக்கு உன்னைப் பெற்றதில் ஒரு திமிர் இருந்தது. அந்தத் திமிரை நீ எந்த ஊரில் விட்டாய்?

மெயில் உன்னுடையது. பதில் வந்தால் உனக்குத்தான் வரும். "வந்துச்சாலே?" என்று கேட்பேன். "இல்லம்மா." மழைக்காலம் போய், உப்பளத்தில் மறுபடி உப்பு வாரத் தொடங்குகிறவரைக்கும் அதே கேள்வியும் அதே பதிலும்தான். ஷெட்டுக்குள் போன் கொண்டுபோகக்கூடாது, பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார்கள். ஒரு நாள் டீ நேரத்தில் எடுத்துப் பார்க்கிறேன், சென்னை நம்பரிலிருந்து இரண்டு தவறிய அழைப்புகள். கையுறையைக் கழற்றாமலே திரும்பக் கூப்பிட்டேன். சுற்றி நின்று மற்றப் பெண்கள் எல்லாம் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எடுத்த பிள்ளை தேன் ஒழுகப் பேசினாள். கடன் அட்டை வேண்டுமா என்று கேட்டாள். பாக்கியம் அக்கா, என் பக்கத்து மேசையில் உரிக்கிறவள், "ஏளா, வாங்கிப் போடு. அந்தக் காச வச்சி நாமளே அச்சடிச்சிருவோம்" என்றாள். எல்லாரும் சிரித்தோம். சிரித்துவிட்டு மேசைக்குப் போய் இறாலின் தலையைக் கிள்ளியபோது எனக்கு யார் தலையையோ கிள்ளுகிற மாதிரி இருந்தது. நம்பிக்கை வைத்திருப்பது அவ்வளவு கேவலமான காரியம் என்று எனக்கு முன்னே யாரும் சொன்னதில்லை.

பிறகு ஒரு பதில் வந்தது. நீ போனில் வாசித்துக் காட்டினாய். நடை நன்றாக இருக்கிறதாம். ஆனால் தூத்துக்குடி நாவலில் கடலே இல்லையாம். முத்துக்குளிப்பு இல்லையாம், புயல் இல்லையாம், படகு இல்லையாம். கதாநாயகியின் அப்பாவை முத்துக் குளிக்கிறவராக மாற்றினால் வாசகர்களுக்கு ஒரு பிடிப்பு கிடைக்குமாம். முத்துக்குளிப்பு நான் பிறப்பதற்கு முன்னாலேயே நின்றுபோனது. நான் ஒரு முத்தைக் கண்ணால் பார்த்ததே நகைக்கடைக் கண்ணாடிக்குப் பின்னால்தான். எங்களுக்குக் கடல் பிளாஸ்டிக் கூடையில், ஐஸுக்குள், தலையோடு வரும். அதைத் தலை இல்லாமல் அனுப்பிவைப்போம். இதைவிட என்ன கடல் வேண்டும் அவர்களுக்கு? துறைமுகத்துச் சாலையில் நிலக்கரித் தூசியை முழுங்கிக்கொண்டு போகிறவனைக் கூப்பிட்டு, அலை எப்படி இருக்கிறது என்று கேட்கிறவர்கள் இவர்கள். நம் ஊரைப் பார்க்க அவர்களுக்கு ஆசை இல்லை. அவர்கள் மனதில் ஏற்கெனவே ஒரு ஊர் கட்டி வைத்திருக்கிறார்கள், அதற்குக் குடிவைக்க ஆள் தேடுகிறார்கள்.

இன்னொருவர் அச்சுச் செலவை நாமே பார்த்துக்கொண்டால் உடனே போடுவதாகச் சொன்னார். படித்தீர்களா என்று கேட்டதற்கு, படிக்க வேண்டிய அவசியம் இல்லை, எல்லாவற்றையும் போடுவோம் என்றார். அவரிடம் எனக்குக் கோபம் இல்லை. அவர் ஒருவர்தான் உள்ளதைச் சொன்னார்.

எனக்கு வயிறு எரிந்தது அதற்கு அடுத்தவரிடம்தான். பெரிய பெயர், ஏழைகளுக்காகவே பதிப்பகம் நடத்துகிறவர். நம்மைச் சென்னைக்கு வரச் சொன்னார். போனோம். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "இது நாவல் இல்ல தோழர், இது வாழ்க்கை" என்றார். பாராட்டுகிறார் என்று நினைத்து நான் சிரித்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் புரிந்தது. நாவல் என்று அட்டையில் போடமாட்டாராம், ஓர் உழைக்கும் பெண்ணின் வாக்குமூலம் என்று போடுவாராம். முன்னுரைக்கு ஒரு பேராசிரியர் தயாராக இருக்கிறாராம். நான் சொன்னேன், "இதுல அந்த ஒடிசாப் பிள்ள செத்துப்போறால்லா, நெசத்துல அவ சாகலங்க. ரயிலேத்தி அனுப்பிட்டாங்க. அதுக்கப்புறம் என்ன ஆனாள்னு யாருக்கும் தெரியாது." அவர் முகம் தொங்கிவிட்டது. "அப்ப இது உண்மை இல்லையா?" "நாவல்ங்க," என்றேன். அவருக்கு அது மோசடியாகப் பட்டது. பேராசிரியர் எழுதினால் கற்பனை, நான் எழுதினால் சாட்சி. பேராசிரியருக்கு மண்டை இருக்கிறது, எனக்குக் காயம் மட்டும்தான் இருக்கிறது. அந்தப் பிள்ளை என்ன ஆனாள் என்று தெரியாததால்தான் நான் அவளைக் கொன்றேன், எந்த வரியில் கொல்வது என்று ஒரு மாதம் யோசித்தேன். அந்த யோசனையை எவனும் என்னிடமிருந்து பிடுங்கக்கூடாது. பஸ்ஸில் திரும்பி வரும்போது நீ, "சரின்னு சொல்லியிருக்கலாம்லாம்மா, புஸ்தகமாவது வந்திருக்கும்" என்றாய். அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும்.

கடைசியில் நாகர்கோவிலில் வீட்டு மாடியில் வைத்துச் சின்னதாகப் பதிப்பகம் நடத்துகிற ஒரு பெண் எடுத்துக்கொண்டார். அவர் கடலையும் கேட்கவில்லை, என் கையையும் பிடிக்கவில்லை. ஓரத்தில் பென்சிலால் கேள்வி எழுதி அனுப்பினார். பெரும்பாலும் சரியான கேள்விகள், எரிச்சல் மூட்டுகிற கேள்விகள். போனில் பேசும்போது, "எல்லாரும் உயிரோட இருக்காங்க, ஒங்க காண்ட்ராக்டர் மட்டும் அட்டையில வெட்டி நிறுத்துன மாதிரி இருக்கான். வேல முடிஞ்சி அவன் வீட்டுக்குப் போனா என்ன செய்வான்?" என்றார். "எனக்கு எப்படித் தெரியும், அவர் வீட்டுக்கு நான் போனதில்லையே" என்றேன். அந்தச் சமயம்தான் நீ ஷைனியைப் பற்றிச் சொன்னாய். துறைமுகத்துக் கிளியரிங் ஆபீஸில் ஒன்றாக வேலை பார்த்தபோது பழக்கமாம். பெண் யார் மகள் என்று நீ சொன்னதும் உன் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகிற தோணியில் காலம் முழுக்க வேலை பார்த்த மனுஷன், கரையில் நடக்கிற எதையும் பெரிதாக எடுத்துக்கொள்கிறதில்லை. நான் சிரிக்கவில்லை, தடுக்கவும் இல்லை. அவளைக் கட்டுகிறாய், அவள் அப்பாவை அல்ல என்று நினைத்தேன்.

பேச்சு உறுதிசெய்ய அவர்கள் வீட்டுக்குப் போனோம். அங்கே நான் பார்த்ததை நீயும் பார்த்தாய். அவருடைய அண்ணன், சங்கு குளிக்கப் போய் ஆழத்திலிருந்து அவசரமாக மேலேறி, இடுப்புக்குக் கீழே விளங்காமல் போனவர், முன்னறையில் கட்டிலில் கிடந்தார். விருந்தாளி எல்லாரும் சாப்பிட உட்கார்ந்த பிறகும் காண்ட்ராக்டர் உட்காரவில்லை. ஊளி மீனை முள் பார்த்துப் பார்த்து எடுத்து, சோற்றோடு பிசைந்து, அண்ணனுக்கு ஊட்டிவிட்டுக்கொண்டிருந்தார். "இன்னும் ஒரு வாய்ண்ணே. இது வயித்துப் பக்கம், முள்ளே கிடையாது." கழிப்பறைக்குப் போன நேரத்தைக் கூலியில் பிடித்துக்கொள்கிற அதே ஆள். அவருக்குக் கடலில் இறங்காத ஒரு பிழைப்பு வேண்டியிருந்தது, கிடைத்த பிழைப்பு நாங்கள். வீட்டுக்கு வந்து அந்த அத்தியாயத்தை முதலிலிருந்து எழுதினேன். அதற்குப் பிறகுதான் அந்த ஆளுக்கு உயிர் வந்தது. உயிர் வந்ததும் அவர் செய்த காரியம் இன்னும் பெரிதாகத் தெரிந்தது. ராட்சசன் கேட்டைப் பூட்டினால் அது கதை. அண்ணனுக்கு முள் எடுத்து ஊட்டுகிறவன் பூட்டினான் என்றால் அதற்கு யார் பதில் சொல்வது? தாள்களைப் படம் பிடித்து உனக்கு அனுப்பினேன். அதையும் தட்டச்சு செய்து முடித்துவிட்டு நீ போனில் என்னிடம் கத்தினாய்: "சம்பந்தி வீட்டுக்குச் சாப்புட வந்தியளா, எழுத வந்தியளா?" ரெண்டுக்கும்தான் மகனே. சாப்பாடும் நன்றாக இருந்தது.

புதிதாக எழுதியதை ஷெட்டில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வாசித்துக் காட்டினேன். எப்போதும் அப்படித்தான் செய்கிறேன். அங்கே வாசித்து யாரும் சோற்றுக் கையை நிறுத்தாத பக்கத்தை நான் வைத்துக்கொள்வதில்லை. அங்கே வாசித்தால் சாயங்காலத்துக்குள் அது காண்ட்ராக்டர் வீட்டுக்குப் போகும் என்று எனக்குத் தெரியாதா என்று கேட்பாய். தெரியும். போன வெள்ளிக்கிழமை அவரே வந்தார். போன வருஷம்வரை "ஏளா, ட்ரேயக் கழுவு" என்றவர், செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, "சம்பந்தியம்மா இருக்கியளா?" என்று கேட்டுக்கொண்டு உள்ளே வந்தார்.

"புஸ்தகம் எழுதுதியளாமே?"

"ஆமா."

"நல்ல காரியம். நம்ம ஆளுவள்ள ஒரு பொம்பள புஸ்தகம் எழுதுதான்னா பெருமதான். நான் அதுல வாரேனாமே?"

"காண்ட்ராக்டர் ஒருத்தர் வாராரு."

"பேரு?"

"பேரு வைக்கல."

"அதான் தப்பு! பேரில்லன்னா யாருன்னு ஊருக்கே தெரிஞ்சிருமே. வேற ஒரு பேர வச்சி, நாகப்பட்டினம், ராமேஸ்வரம்னு தள்ளிப் போட்டிருக்கலாம்லா." டீயை ஒரு மிடறு குடித்தார். "அந்தப் பிள்ள செத்ததா வேற எழுதியிருக்கியளாம். ஒருத்தரும் சாகலையே சம்பந்தியம்மா. கேஸ் கசிஞ்சத எடுத்துட்டு ஒரு புயல்னு போட்டுருங்களேன். புயல்னா யாருக்கும் கேடு கிடையாது."

"சென்னையில ஒருத்தரும் புயல்தான் கேட்டாரு."

"பாத்தியளா? படிச்சவங்க சொல்லுதாங்க."

உன் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். அண்ணாச்சி சிரிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்தார். ஏறக்குறைய காதோடு சொல்கிற குரலில், "எனக்கு ஒரே பொம்பளப் பிள்ள. ஓலை இன்னும் ஒண்ணுகூட வாசிக்கல. யோசிச்சிக்கிடுங்க" என்றார். போய்விட்டார். மறுநாள் நீ கூப்பிட்டாய். அவர் உன்னிடம் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. உன் குரல் மட்டும் அவர் சொன்னதையே திருப்பிச் சொல்கிற குரலாக இருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டில்களில் கேட்ட குரல்.

பிள்ளையின் கல்யாணத்துக்கு முன் தாய் புத்தி சொல்ல வேண்டுமாமே, சொல்கிறேன். மாமனாருக்கு மரியாதை கொடு, அவர் வாங்கித் தருகிற வேலையை வாங்காதே. அவர் அண்ணனைப் பார்க்கப் போனால் வெறுங்கையோடு போகாதே. பெண்டாட்டிக்குத் தெரியாமல் ஒரு காரியத்தைச் செய்துவிட்டு, அவள் நன்மைக்குத்தான் செய்தேன் என்று சொல்லாதே. உன் அப்பாவிடம் எனக்கு ஆயிரம் குறை உண்டு, இந்தக் குறை கிடையாது. நாவல் எழுதி முடித்தபோது, "ஏளா, அதுல நான் உண்டா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப நல்லாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுத் தூங்கப்போனார்.

திங்கட்கிழமை மதியம் ஷைனி வந்தாள். ஆபீஸிலிருந்து அரை நாள் லீவு போட்டுவிட்டு ஸ்கூட்டரில் வந்திருந்தாள். "மாமி, எங்க வீட்டுல ரெண்டு நாளா ஒரே சண்ட. எதுக்குச் சண்டன்னு நான் படிச்சிப் பாக்கக்கூடாதா?" என்றாள். நாகர்கோவிலிலிருந்து திருத்துவதற்கு வந்திருந்த அச்சுப்படியில் அந்த அத்தியாயத்தை எடுத்துக் கொடுத்தேன். குசினியில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து படித்தாள். நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். பதிப்பகக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் நான் இப்படிக் காத்திருந்ததில்லை. கழுவின மீனையே திரும்பத் திரும்பக் கழுவினேன். பெரியப்பாவுக்குச் சோறு ஊட்டுகிற இடத்தில் அவள் அழுதாள். ஆஸ்பத்திரி இடத்தில் அழவில்லை, திரும்ப ஒருமுறை படித்தாள். பிறகு தாளை மடியில் வைத்துக்கொண்டு, "ஒண்ணு சரியா வரல மாமி" என்றாள்.

எடுக்கச் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"கட்டில் பக்கத்துல நின்னு எங்கப்பா சத்தம் போடுத மாதிரி எழுதியிருக்கிய. ஷெட்டுல போடுவாரு, அது சும்மா. நெசமா ஒருத்தர மிரட்டணும்னா எங்கப்பா சத்தம் போடமாட்டாரு. ரொம்ப மெதுவாப் பேசுவாரு. எங்கம்மாகிட்ட அப்படித்தான்."

அவள் சொன்னது சரி. கட்டில் கட்டிலாக வந்த அன்றைக்கு அவர் குனிந்துதான் பேசினார். அதைக் கேட்ட காதை வைத்துக்கொண்டே நான் எழுதும்போது கத்தவைத்திருக்கிறேன். கெட்டவன் என்றால் கத்த வேண்டும் என்று நூலகத்தில் படித்த நாவல்களில் பிடித்த நோய் அது. அவள் முன்னாலேயே பேனாவை எடுத்து அந்த நான்கைந்து வரிகளைத் திருத்தினேன். எத்தனை பதிப்பகங்களின் வாசலில் நின்றிருக்கிறோம் மகனே, ஒருவர்கூட இப்படி ஒரு குறை சொல்லவில்லை.

எழுந்து போகும்போது அவள் கேட்டாள்: "இத அவங்க படிக்கலைல்லா மாமி? படிச்சிருந்தா எடுக்கச் சொல்லமாட்டாங்க."

யாரைக் கேட்கிறாள் என்று எனக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. "யாரு, என் மவனா? இத டைப் அடிச்சதே அவன்தாம்ளா" என்றேன்.

ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "எங்கிட்டப் படிக்கவே இல்லன்னு சொன்னாங்க. அம்மா என்னத்தையோ எழுதுதாங்க, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னாங்க." அப்புறம் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் உனக்காக ஒரு சமாதானமும் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவில்லை. இதையெல்லாம் எழுதலாமா என்று மறுநாள் போனில் கேட்டேன். "எழுதுங்க மாமி. எங்கப்பா பத்திரிக படிக்கமாட்டாரு, எங்கம்மாதான் படிப்பாங்க. படிக்கட்டும்" என்றாள்.

இனி நான் செய்திருப்பதைச் சொல்கிறேன். திருத்திய படியை நேற்று நாகர்கோவிலுக்கு அனுப்பிவிட்டேன். அந்த அத்தியாயம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஊரும் மாறவில்லை, புயலும் அடிக்கவில்லை. முதல் பக்கத்தில் நாவல் என்று இருக்கிறது, யாரும் மாற்ற முடியாது. அண்ணாச்சி கல்யாணத்தை நிறுத்தினால் நிறுத்தட்டும், அது அவருடைய பாடு. ஆனால் அவர் நிறுத்துவாரோ என்றுதானே நீ பயந்துகொண்டிருக்கிறாய், அதில்தான் உன் கணக்கு தப்பு. இப்போது அவள்தான் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

நீ ஊருக்கு வந்தால் நேரே இங்கே வராதே, அவளைப் போய்ப் பார். படித்திருக்கிறேன் என்று சொல். படித்தது மட்டும் அல்ல, ஒவ்வொரு எழுத்தாக நானே தட்டினேன், நல்லது என்று தெரிந்துதான் எடுக்கச் சொன்னேன் என்று சொல். என்னைக் கூடக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று நினைக்காதே, நான் வரமாட்டேன். அவள் உன்னைக் கட்டுவாளா மாட்டாளா என்று எனக்குத் தெரியாது. நானாக இருந்தால் கட்டமாட்டேன்.

அம்மா